அடிமை வணிகம் முடிந்தபோது கப்பலேறிய தமிழர்கள்

புக்கிட் மேராவின் தென்கரையில் இன்று கெப்பல் துறைமுகத்தைப் பார்த்தபடி அடுக்குமாடிகள் நிற்கும் தெலுக் பிளாங்காவில், 1820களில் ஜோகூர் தெமெங்கோங் என்ற மலாய்த் தலைவரின் கம்பம் (குடியிருப்பு) இருந்தது. சிங்கப்பூர் ஆற்றங்கரையிலிருந்து தெமெங்கோங் அப்துல் ரஹ்மானையும் அவருடைய ஆட்களையும் அகற்றிய பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ், இங்கே ஏறத்தாழ 200 ஏக்கர் நிலம் ஒதுக்கிக் கொடுத்தார். அந்தக் காலத்து மலாய்த் தலைவர்களின் வீடுகளில், வாங்கிய கடனுக்காகக் காலமெல்லாம் ஊழியம் செய்தவர்கள் இருப்பது வழக்கம். விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகளும் இருந்தார்கள்.

சிங்கப்பூரில் அடிமைச் சந்தையும் நடந்தது. பூகிஸ் வணிகர்கள் படகுகளில் மனிதர்களைக் கொண்டுவந்து விற்றார்கள். அதை நேரில் கண்டு கொதித்து எழுதிவைத்தவர் முன்ஷி அப்துல்லா. அவர் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் வழி நாகூரைத் தொட்டு வந்தது. சிறு வயதில் அவர் தமிழும் படித்தவர். அவருடைய ‘ஹிகாயத் அப்துல்லா’ 1849ல் அச்சேறியது.

1823ல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் அடிமை வணிகத்தைத் தடைசெய்தார். கடனுக்காக ஒருவர் உழைக்க வேண்டிய காலத்துக்கும் வரம்பு வைத்தார். ஆனால் கடனுக்கு ஆளைப் பிடித்துவைக்கும் வழக்கத்தை அவர் அடியோடு ஒழிக்கவில்லை. பின்னால் தமிழர்களைப் பிணைத்ததும் அத்தகைய கடன்தான். அதைப் புரிந்துகொள்ள அட்லாண்டிக் கடலுக்குப் போக வேண்டும்.

15ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஆட்களைப் பிடித்துப் போகத் தொடங்கினார்கள். அமெரிக்கக் கண்டங்களில் கரும்புத் தோட்டங்கள் பெருகப் பெருக, ஸ்பெயின், பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து எல்லாம் இந்த வணிகத்தில் இறங்கின. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அது ஓயும்வரை, ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலில் ஏற்றப்பட்டதாக வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் சுமார் 18 லட்சம் பேர் நடுக்கடலிலேயே மாண்டார்கள். ஆப்பிரிக்க ஊர்கள் உழைக்கும் வயதினரை இழந்தன. ஐரோப்பியத் துறைமுகங்களில் பணம் குவிந்தது.

அடிமைகள் வாய்மூடி இருக்கவில்லை. 1791ல் ஹெய்ட்டியில் வெடித்த கலகம் 1804ல் சுதந்திர நாட்டைப் பெற்றுத் தந்தது. 1831ன் இறுதியில் ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பிரிட்டனில் தாமஸ் கிளார்க்சன், வில்பர்ஃபோர்ஸ், தாமே அடிமையாக இருந்து மீண்ட ஒலாடா எக்குவியானோ போன்றோர் மக்களைத் திரட்டினார்கள். பிரிட்டன் 1807ல் அடிமை வணிகத்தை நிறுத்தியது. 1833ல் இயற்றிய சட்டம் மறு ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி அடிமை முறையையே ஒழித்தது.

இழப்பீடாகக் கொடுத்த 2 கோடி பவுண்டு அடிமைகளின் உடைமையாளர்களுக்குப் போனது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தவும் இல்லை. சிங்கப்பூர் அப்போது கம்பெனியின் கையில் இருந்தது. அடிமை மீது எவருக்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாதென்ற சட்டம் 1843ல்தான் வந்தது.

அடிமை முறை ஒழிவதைக் கண்ட தோட்டக்காரர்கள் வேறு ஆள் தேடினார்கள். 1834 நவம்பர் 2ஆம் தேதி ‘அட்லஸ்’ கப்பல் இந்தியத் தொழிலாளர்களுடன் மொரீஷியசில் கரைசேர்ந்தது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் இத்தகைய கப்பல்கள் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் போயின. இது புதியதோர் அடிமை முறையாகிவிடும் என்று 1840லேயே பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் ரசல் அஞ்சினார்.

மலாயா பக்கம் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, எதிர்க்கரையில் உள்ள புரொவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். சஞ்சிக்கூலி என்று மலாயாத் தமிழர்கள் சொல்வது இவர்களைத்தான். ஊரில் கைநீட்டி வாங்கிய முன்பணமும் கப்பல் கட்டணமும் அவர்கள் தலையில் கடனாக ஏறின. கடன் தீரும்வரை சம்பளத்தில் பிடித்தம். தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம், சிறைதான்.

1870வாக்கில் தஞ்சாவூர் மாவட்ட அதிகாரி ஒருவர், ஆட்களை ஏமாற்றியும் கடத்தியும் கப்பலேற்றுகிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். 1867ல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் கீழிருந்து பிரிந்த பிறகு அங்கே கூலிகளை அனுப்புவதே சட்டத்துக்குப் புறம்பானது என்பதும் அப்போது வெளிப்பட்டது. போக்குவரத்து நின்றது. தோட்ட முதலாளிகள் நெருக்கினார்கள். 1872ல் சட்டத்தை மாற்றி மறுபடி திறந்துவிட்டார்கள்.

கடனின் பிடியைத் தளர்த்திய மாற்றம் 1907ல் நடந்தது. அந்த ஆண்டு அமைந்த தமிழர் குடிநுழைவு நிதிக்கு முதலாளிகள் பணம் கட்டினார்கள், அதிலிருந்து தொழிலாளரின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. கப்பல் கட்டணம் கூலியின் தலையில் விழாமல் போனது. ஒரு மாத முன்னறிவிப்புடன் வேலையை விட்டுப் போகவும் சட்டம் இடம் கொடுத்தது. 1910ல் மலாயாவில் புதிய சஞ்சி ஒப்பந்தங்கள் நின்றன.

கங்காணிகள் மட்டும் தொடர்ந்தார்கள். ரப்பர் தோட்டத்துக்கு ஊர்க்காரர்களைத் திரட்டிவந்த கங்காணி, கடன் கொடுத்தும் கண்காணித்தும் அவர்களைத் தன் பிடிக்குள் வைத்திருந்தார். 1936ன் இறுதியில் மலாயாவுக்கு வந்து பார்த்த இந்திய அரசியல்வாதி வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி, கங்காணி முறையில் ஆள் திரட்டுவதை நிறுத்தச் சொன்னார். 1938ல் இந்திய அரசு உதவிப் பயணத்தில் தொழிலாளர்கள் மலாயா செல்வதைத் தடைசெய்தது.

புக்கிட் மேராவிலும் தமிழ் உழைப்பாளிகளின் தடம் உண்டு. டெப்போ சாலையில் உள்ள ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயில், பாசிர் பாஞ்சாங்கில் அலெக்சாண்ட்ரா செங்கற்சூளைத் தொழிலாளர்கள் கும்பிட்ட சிறு கோயிலாகத் தொடங்கி, 1980களில் இங்கே இடம்பெயர்ந்தது.

வேலைக்கு வருவோரைக் காக்க இன்று சட்டங்கள் உண்டு. சிங்கப்பூரில் 2015 மார்ச் முதல் மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. வேலை முகவர் இங்கே ஓர் ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணம் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்த வரம்பு கடல் கடந்து போகாது. தமிழ்நாட்டில் நிலத்தையும் நகையையும் அடகுவைத்து முகவருக்குப் பணம் கட்டிவிட்டு வரும் இளைஞர், வேலை பிடிக்கவில்லை என்றாலும் கடனை நினைத்து வாய்திறக்க மாட்டார். பயணச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்று 1907ல் எழுதிய விதியை, இரு நாட்டு அரசுகளும் இன்று அவருக்காக எழுத வேண்டியிருக்கிறது.