உங்களுக்குத் தெரியுமா? பெயரைக் கடைசியிலிருந்து படியுங்கள்

அண்ணாமலை நகருக்குக் கடிதம் எழுதுபவர் ஆள் பெயரில் தொடங்கி 608002 என்று முடிப்பார். தபால் பிரிப்பவரோ அந்தக் கடைசி எண்ணைத்தான் முதலில் பார்ப்பார். 6 என்றால் தெற்கு. 608 என்றால் சிதம்பரம் வட்டாரம்.

இணையதளப் பெயரும் அப்படித்தான். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தளப்பெயர் ‘ஏசி.இன்’ என்று முடிகிறது. ‘இன்’ இந்தியாவைக் குறிக்கும், ‘ஏசி’ கல்வி நிறுவனத்தை. வெறும் ‘.இன்’ பெயரை யார் வேண்டுமானாலும் ஆண்டுக் கட்டணம் கட்டி எடுக்கலாம். ‘ஏசி.இன்’ அப்படிக் கிடைக்காது. எர்நெட் இந்தியா என்ற அரசு சார்ந்த அமைப்பு, கல்வி நிறுவனம்தானா என்று ஆவணம் பார்த்த பிறகே கொடுக்கும்.

ஏமாற்றுபவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் ‘ஏசி.இன்’னையும் முன்னால் வைத்து, பின்னால் வேறொரு ‘.காம்’ பெயரை ஒட்டிவிட முடியும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிட்டால், அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன் கடைசியாக நிற்கும் பெயர் எவருடையதோ, தளமும் அவருடையதே. பிள்ளையின் விண்ணப்பக் கட்டணத்தைச் செலுத்தும் முன் பெற்றோர் இந்த ஒன்றை அவசியம் பார்க்க வேண்டும்.

இன்னொரு மகிழ்ச்சியான செய்தி: இந்த முடிவுப் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ மூன்றும் தமிழ் எழுத்திலேயே அதிகாரபூர்வமாக உண்டு!