ஏரிக்காகச் சாட்சி சொல்பவர்

சுபுஹு தொழுதுவிட்டு, பொழுது புலரும் அந்த நேரத்தில் கொரட்டூர் ஏரிக்கரையில் என்றைக்கேனும் நடந்து பார்த்திருக்கிறீர்களா? அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி பகுதிகளில் வாழும் நம்மவர் பலருக்கு ஏரி என்பது பேருந்திலோ மின்சார இரயிலிலோ போகும்போது கண்ணில் பட்டு மறையும் ஒரு நீர்ப்பரப்பு, அவ்வளவுதான். கரையேறி நின்று பாருங்கள். நாமக்கோழிகள் நீந்துகின்றன. நீலத் தாழைக்கோழிகள் கோரைப் புதரில் நடை பயில்கின்றன. அதே காற்றில் சாக்கடை நாற்றமும் வந்து மூக்கைத் துளைக்கும்.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் இரட்டை ஏரிக்கு என்று, ஒரு சொட்டும் வீணாகாதபடி முன்னோர் அமைத்த தொடர் ஏரிகள் இவை. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. அது எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது. அந்த நன்றியை மறக்கலாகாது. ஆனால் மழைநீருக்கென வெட்டிய கால்வாய்கள் வழியே வீட்டுச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் ஏரிக்குள் இறங்கின. கரையோர மக்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடினார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது.

இத்தகைய வழக்குகளில் "கேடு விளைந்தது யாருக்கு? எவ்வளவு?" என்ற கேள்வி எழாமல் இராது. மனிதன் வாய் திறந்து சொல்லிவிடுவான். மீனும் பறவையும் என்ன செய்யும்? அல்லாஹ் படைத்த அந்த வாயில்லா உயிர்களுக்காக ஆய்ந்து அறிந்து சாட்சி சொல்ல ஒருவர் வேண்டும். அவர்தான் அரசுப் பணியில் இருக்கும் சூழலியல் அறிஞர். நம் வீடுகளில் டாக்டர், எஞ்சினியர் என்று பேசுகிறோம். இப்படி ஒரு தொழில் இருப்பதே பலருக்குத் தெரியாது.

அவர் பணி எத்தகையது என்பதைக் காட்ட, கடல் கடந்து ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கெஸ்டர்சன் என்னும் நீர்த்தேக்கம். வயல்களிலிருந்து வடியும் நீரை அங்கே கொண்டு போய் விட்டார்கள். பறவைகள் திரண்டு வந்தன. பறவைகள் வருவதால் எல்லாம் நலம் என்று எண்ணினார்கள். 1983-இல் அந்நாட்டு அரசின் மீன், வனவிலங்குத் துறையைச் சேர்ந்த ஹாரி ஓலண்டார்ஃப் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் கூடு கூடாகத் தேடிப் பார்த்தார்கள். கண்ணில்லாத குஞ்சுகள், அலகு கோணிய குஞ்சுகள், கால் வளராத குஞ்சுகள்! இறுதிவரை கவனித்த 347 கூடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் முட்டைக்குள்ளேயே ஒரு குஞ்சாவது இறந்திருந்தது. ஏறத்தாழ 20 விழுக்காட்டில் உறுப்புக் கோளாறு கண்கூடாகத் தெரிந்தது. பெரிதும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று, நம் கொரட்டூரில் நீந்துகிறதே, அந்த நாமக்கோழியின் அமெரிக்க உறவுதான்.

வெறுமனே "பறவை செத்தது, நீர் கெட்டது" என்று அவர்கள் எழுதிவிடவில்லை. அருகில் வோல்ட்டா என்ற இடத்தில் அந்த வடிகால் நீர் சேராத இன்னொரு நீர்நிலை இருந்தது. அங்கும் அதே பறவைகளை, அதே முறையில் ஆய்ந்தார்கள். இரண்டு இடத்துச் செடி, பூச்சி, மீன், முட்டை யாவற்றையும் சோதித்தார்கள். மண்ணிலிருந்து கரைந்து வந்த செலினியம் என்னும் தனிமம் நீரில் சிறிதளவே இருந்தாலும், பாசியில் கூடி, பூச்சியில் மேலும் கூடி, முட்டையில் நஞ்சாகிவிட்டதைக் கண்டார்கள். 1986-இல் அந்த வடிகாலை அடைத்தனர். பின்னர் அந்தக் குட்டைகளில் தாழ்ந்த பகுதிகளை மண் கொட்டி மூடினர்.

ஆகவே, கண்ணாடிக் குவளையில் எடுத்த ஏரி நீர் தெளிவாக இருக்கிறது என்று யாராவது காட்டினால் நம்பிவிடாதீர்கள். கன உலோகங்கள் பெரும்பாலும் நீரில் நில்லாமல் அடிச்சேற்றில் தங்கிவிடும். சேற்றில் புழு, புழுவைத் தின்னும் மீன், மீனைத் தின்னும் நீர்க்காகம். அந்த மீனே நம் வீட்டுச் சட்டிக்கும் வரலாம். இதனால்தான் அறிஞர் சேற்றையும் அள்ளுகிறார். உதிர்ந்த இறகைக்கூட எடுத்து வைக்கிறார். இறகு வளரும்போது இரத்தத்தில் உள்ள பாதரசம் அதில் படிந்துவிடுவதால் பறவையைக் கொல்லாமலே செய்தி கிடைத்துவிடுகிறது. முட்டை எடுப்பதென்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். ஆய்வாளர் என்பதற்காகச் சட்டம் விலகி நிற்காது.

நல்ல சாட்சி குற்றவாளியைக் காட்டுவதோடு குற்றமற்றவரை விடுவிக்கவும் வேண்டுமல்லவா? 2019 நவம்பரில் இராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் பறவைகள் ஆயிரக்கணக்கில் மாண்டு கிடந்தன. கேட்டவர்கள் எல்லாம் நஞ்சு என்றே ஐயுற்றார்கள். ஆய்ந்தபோது அழுகலில் பெருகும் ஒரு நுண்ணுயிரால் வரும் பொட்டுலிசம் என்னும் நோய் என்று தெரிந்தது. மீன்கள் செத்து மிதப்பதற்கும் எப்போதும் இரசாயனமே காரணம் அன்று. சாக்கடை மிகுந்த ஏரியில் பிராணவாயு இரவெல்லாம் குறைந்து, விடியும் முன்பு மிகத் தாழ்ந்துவிடும். நாம் சுபுஹுக்கு எழும் அந்த வேளையில்தான் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் ஆலை மேல் பழி சுமத்துவதும், தெரிந்தே ஆலையைக் காப்பாற்றுவதும், எனக்கு இரண்டுமே பொய்ச்சாட்சியாகத்தான் படுகிறது.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூவிருந்தவல்லி தாண்டி அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இராணிப்பேட்டை. அப்பாலுள்ள ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழில் நம் சமுதாயத்தினர் பலரின் பரம்பரைத் தொழில். பாலாற்றுப் படுகை கெட்டது குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம், கேடு செய்தவரே அதை நீக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு இரண்டு இலட்சம் டன்னுக்கு மேல் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதையும் ஊரறிந்தது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒளு செய்யும் நீரின் தூய்மையை அத்தனை கவனமாகப் பார்க்கும் நாம், பட்டறையின் பின்வாசலில் வழியும் நீரைப் பார்க்காமல் இருப்பது எப்படி?

இத்துறைக்கு வழி வகுத்த பெருமக்களில் ஒருவர் நம்மவரே. 1896-இல் பம்பாயில் பிறந்து, சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தவர் சலீம் அலி. சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, அது என்னவென்று கேட்கப் போன சிறுவன் பறவையியலின் தந்தையானார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்று அவருக்கு வேலை மறுக்கப்பட்டதும் உண்டு. அவர் பெயரால் 1990-இல் கோவை அருகே ஆனைகட்டியில் அமைந்த மையம், பறவைகளின் உடலில் பூச்சிமருந்தும் உலோகமும் எவ்வளவு சேர்ந்துள்ளன என்பதைப் பல்லாண்டாக ஆய்ந்து வருகிறது. 2023-இல் அது டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

உங்கள் மகளோ மகனோ விலங்கியலிலும் வேதியியலிலும் நாட்டம் காட்டினால் இதையும் எண்ணிப் பாருங்கள். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியிலும், உதகை அரசுக் கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. உள்ளதைச் சொல்கிறேன்: பணியிடங்கள் குறைவு; சம்பளமும் கணிப்பொறித் துறைக்கு ஈடாகாது. சேற்றில் முழங்கால் அளவு இறங்க வேண்டியிருக்கும். அறிக்கை தந்த பிறகும் அது கோப்பில் உறங்கலாம்.

நாட்டம் உண்டா என்று அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணிப் பதிவு செய்தால் போதும். கொரட்டூர்க் கரையிலோ பருத்திப்பட்டு ஏரியிலோ பிள்ளையை அழைத்துப் போய், முதலில் நாமக்கோழியைக் காட்டுங்கள். கரிய உடல், நெற்றியில் வெள்ளைத் தகடு, குழந்தையும் தவறவிடாது.