அறளை பெயர்தலும் பேணுவோர் நிலையும்

முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், தாம் வைத்த பொருளை மறந்து பிறர் களவெடுத்தனர் என்று சினந்தால், "அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்பது நம்மவர் வழக்கு. முதுமையின் இயல்பு என்று எண்ணி அதனை மேலும் ஆராயாது விடுவாருமுளர். ஆயின், இஃது இயல்பான முதுமையன்று. மூளையைப் பற்றும் நோய்களால் விளைவது. இந்நோயுற்றாரைப் பேணும் முறை யாது, அவரைப் பேணுவாரை யார் பேணுவது என்னும் இரு வினாக்களையும் ஈண்டு நோக்குவோம்.

1901ஆம் ஆண்டில், ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகர வைத்தியசாலையில், ஆகுஸ்ரே டீற்றர் என்னும் 51 வயதுப் பெண்மணியை அலோயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர் பரிசோதித்தார். அப்பெண்மணியால் தம் பெயரையேனும் எழுதி முடிக்க இயலவில்லை. 1906இல் அவர் இறந்தபின், அவர்தம் மூளையை நுணுக்குக்காட்டியினூடு ஆராய்ந்த வைத்தியர், நரம்புக் கலங்களுள் முறுக்குண்ட நார்களையும் கலங்களுக்கு வெளியே படிவுகளையும் கண்டார். 1910இல் இந்நோய்க்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. 2021இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோயுற்றிருந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. நம் நாட்டில் இராகமைப் பகுதியில் நடந்து 2003இல் வெளியான ஆய்வொன்று, 65 வயதும் அதற்கு மேலுமுடையாருள் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேரிடம் இதனைக் கண்டது.

அல்சைமர் நோயில் அண்மை நினைவுகளே பெரும்பாலும் முதலில் அழிகின்றன. இளமைக்கால நினைவுகள் நெடுநாள் நிலைக்கின்றன. காலையில் உண்டதை மறந்தவர், ஐம்பதாண்டுகளுக்கு முன் மனனஞ் செய்த தேவாரத்தைப் பிழையறப் பாடுதல் இதனாலேயே. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் மாலை வேளையில் சால்வையைத் தரித்து, "பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று" என்று புறப்படுகிறார் எனக் கொள்வோம். "நீங்கள் இளைப்பாறி இருபது வருடமாயிற்று" என்று திருத்தினால் அவர் அஞ்சுவார் அல்லது சினப்பார். "இன்றைக்கு எந்த வகுப்பிற்குப் பாடம், ஐயா?" என்று வினவி, பேச்சோடு பேச்சாக ஒரு கோப்பை தேநீரைக் கொடுத்தால் அமைதியுறுவார். செய்தி மறந்துபோயினும் அது விளைத்த உணர்ச்சி எஞ்சி நிற்கும். மறைந்த மனைவியை அவர் தேடும்போதெல்லாம் இறப்பைச் சொல்லுதல், ஒரே துக்கத்தை நாள்தோறும் புதிதாக அளிப்பதாகும். அம்மையாரைப் பற்றி அவரையே பேசவிடுதல் நன்று.

மறதி தோன்றியவுடன் வைத்தியரை நாடுதல் இன்றியமையாதது. தைரொயிட் சுரப்புக் குறைவு, உயிர்ச்சத்து பீ12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி நேரலாம். அவற்றுட் பல சிகிச்சையால் நீங்கத்தக்கன. அல்சைமர் நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்றில்லை. சிலர்க்குக் குறிகளைச் சிறிது தணிக்கும் மருந்துகள் உள. வீட்டிலோ, கிணற்றடிக்கு அடைப்பும் படலைக்குக் கொளுக்கியும் இராக்கால விளக்கும் வேண்டும். அவர்தம் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதி வைத்தல் நலம்.

இனி, பேணுவோர் நிலையைக் காண்போம். இந்நோயாளரைப் பேணும் குடும்பத்தவர் 2019இல் நாளொன்றுக்குச் சராசரி 5 மணி நேரத்தை அப்பணியிற் செலவிட்டனர் என்றும், அப்பணி நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையதென்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நம் இல்லங்களில் அச்சுமை பெரும்பாலும் ஒரு மகளின் அல்லது மருமகளின் தலையிலேயே விழுகின்றது. அவளுக்கு இரவிலும் உறக்கமில்லை, களவுப்பழியும் அவள்மேலதே. ஒருநாள் பொறுமையிழந்து கடிந்துரைப்பாள். பின் அதனை நினைந்து தனியே அழுவாள். அவளுக்கு உண்டாகும் தளர்ச்சியும் மனச்சோர்வும் தாமே நோயாக முற்றுதல் கூடும்.

கடல் கடந்து வாழும் சகோதரர் பணம் அனுப்புகின்றனர். அது தேவையே, எனினும் பணத்தால் மாத்திரம் அக்கடன் தீராது. அப்பணத்தில் ஒரு பகுதி, இரவில் அவள் உறங்குதற்பொருட்டு உதவியாளர் ஒருவரை அமர்த்துவதற்கு ஆகட்டும். தொலைபேசியில் அழைப்போர் அறிவுரை கூறுமுன் அவள் சொல்வதைக் கேட்பாராக. விடுமுறையில் வருவோர் சில நாட்களேனும் பொறுப்பு முழுவதையும் தாமே ஏற்பாராக. கொழும்பில் லங்கா அல்சைமர் நிறுவனம் இக்குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகின்றது. அதன் உதவியை நாடுதலில் இழிவொன்றுமில்லை.

நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் சிலரும் இந்நிலையில் இருத்தல் கூடும். அவர்களைக் காணச் செல்லும் பழைய மாணவர், "என்னைத் தெரிகிறதா, சேர்?" என்று வினவிச் சோதியாதிருப்பாராக. தம் பெயரையும் தாம் கற்ற வகுப்பையும் தாமே முதலிற் கூறி, அருகிருந்து பழங்கதை பேசுக. அந்த இரண்டு மணி நேரத்தில், அவரைப் பேணும் மகள் கோயிலுக்கோ கடைக்கோ கவலையின்றிச் சென்று வரலாம். அவ்வுதவியும் குருவுக்குச் செய்யும் தொண்டேயாம்.