டாக்டர் அம்மா வீட்டுத் தொட்டிலை யார் ஆட்டுவது?

"டாக்டருக்குப் படித்தாள், பிள்ளையையும் பெற்று வளர்த்தாள், இரண்டிலும் வென்றாள்!" என்று பாராட்டுகிறார்கள். படம் போடுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள். போர்த்தட்டும், மகிழ்ச்சிதான். ஆனால், தோழர்களே, மாலை வாடி, பந்தல் பிரித்த பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்தப் பெண் ஆஸ்பத்திரி வார்டில் விழித்து நின்ற இரவுகளிலே, அவள் வீட்டுத் தொட்டிலை ஆட்டியது யார்?

"இதெல்லாம் வீட்டு விவகாரம்; தொழிலாளி படிக்கும் பத்திரிகையிலே இதற்கென்ன வேலை?" என்பார் சிலர். வேலை இருக்கிறது, நிரம்ப இருக்கிறது!

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்வோம். செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த வட்டாரம். 1986 வரை திருநெல்வேலி மாவட்டம், அதன் பிறகு தூத்துக்குடிச் சீமை. பனையேறியும், பீடி சுற்றியும், கடையிலே பொட்டலம் மடித்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய மக்கள் வாழும் இடம். அங்கே பீடி சுற்றும் ஒரு தாயின் மகள், அரசுப் பள்ளியிலே படித்தவள், டாக்டர் படிப்புக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆகாயக் கோட்டை அல்ல இது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி 2020-ல் தமிழ்நாடு சட்டம் செய்தது. அவர்கள் கட்டணத்தையும் அரசே ஏற்றது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலே 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூத்துக்குடியிலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்று வந்தது. கதவு திறந்திருக்கிறது. மகள் நுழைந்துவிட்டாள்.

இனி விரல் விட்டு எண்ணுங்கள். பதினெட்டு வயதிலே சேருகிறாள். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. வயது இருபத்து நாலு. நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டு காத்திருந்தால் இருபத்தைந்து. எம்.டி., எம்.எஸ். என்ற பட்ட மேற்படிப்புக்கு இன்னும் மூன்று ஆண்டு. முப்பதை எட்டிப் பார்க்கிறது வயது. கலியாணமும் கருவுறுதலும் பேறும் பாலூட்டலும் வருவதும் அதே ஆண்டுகளிலேதான். கல்லூரிக்கு ஒரு கால அட்டவணை. உடலுக்கு ஒரு கால அட்டவணை. இரண்டும் ஒரே பக்கத்திலே எழுதப்பட்டிருக்கின்றன! உடன் படிக்கும் ஆணுக்கும் மனைவி உண்டு, மகவு உண்டு. அவனைப் பார்த்து, "பிள்ளையை யாரிடம் விட்டு வந்தாய்?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

நேற்று முளைத்த சிக்கலா இது? அல்ல. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையிலே வக்கீல் தொழில் நடத்திய வெள்ளைக்காரர் ஒருவரின் மனைவி, மூன்று குழந்தைகளின் தாய். ஆண் டாக்டர் முன்னே வர மறுத்து, பேறுகாலத்திலே மாண்டுபோன இந்து, முஸ்லிம் பெண்களின் கதையைக் கேட்டு மனம் கலங்கியவர். மூன்றாண்டு படித்து 1878-ல் தேறினார். லண்டன் சென்று 1882-ல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு சென்னை திரும்பினார். 1885-ல் பெண்களுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியிலே கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று இன்று வழங்குவது அதுவே. ஆனால் உழைப்பின் சுமையிலே உடல் நலிந்து, 1887-ல் தாயகம் திரும்ப நேர்ந்தது. அரிய சாதனை, மறுப்பார் யார்? ஆயினும் அது ஆள்வோர் குலத்துக் குடும்பம். பிள்ளையைப் பார்க்க ஆளும், அடுப்பைப் பார்க்க ஆளும் வைத்துக்கொள்ள வசதி படைத்த வகுப்பு.

அடுத்து நம்மவர், புதுக்கோட்டை தந்த முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல் சென்னையிலே டாக்டர் பட்டம் பெற்றார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையை வைத்தே 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பின், 1925-ல் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். அரசாங்கம் பொருளுதவி அளித்தது. சம்மதித்த கணவர் ஒரு பக்கம், செலவை ஏற்ற சர்க்கார் மறுபக்கம். அந்தக் கல்வி நாட்டுக்கு வட்டியோடு திரும்பிற்று. 1954-ல் அடையாற்றிலே செயற்படத் தொடங்கிய புற்றுநோய் நிலையம் அவர் உழைப்பின் விளைச்சல்.

ஒருவருக்குச் செல்வம் துணை. ஒருவருக்குச் சர்க்கார் துணை. சாத்தான்குளத்துப் பெண்ணுக்கு?

அவளுக்கு அவள் அம்மா துணை! பேரனை மடியிலே போட்டுக்கொள்ள, பீடித் தட்டை ஓரமாக வைக்கிறாள் ஆச்சி. நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுற்றியவள் அன்றைக்கு அறுநூறோடு நிறுத்துகிறாள் என்று கொள்வோம். குறைந்துபோன நானூறு பீடியின் கூலி இருக்கிறதே, அதுதான் டாக்டர் படிப்புக்கு அந்தக் குடும்பம் கட்டுகிற கட்டணம். எந்த ரசீதிலும் ஏறாத கட்டணம்! எந்தச் சலுகையிலும் கழியாத கட்டணம்! "தாய்மையும் படிப்பும் சேர்ந்து வென்றன" என்று மேடையிலே முழங்குகிறோமே, அந்த வெற்றிக்குப் பின்னே ஒரு கிழவியின் கூலி கரைந்திருக்கிறது.

கூலிப் பிரச்சினையோடு நிற்கவில்லை, நேரப் பிரச்சினைக்கு வருவோம். 1923 மே முதல் நாள், சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் செங்கொடி ஏற்றினார். எட்டு மணி நேர வேலை என்ற முழக்கம் நம் மண்ணிலும் எழுந்தது. விடுதலைக்குப் பிறகு, 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. ஆலைத் தொழிலாளி போராடிப் பெற்ற அந்த 48 மணி, பயிற்சி டாக்டருக்கு எப்போது வந்தது? 1992-ல்! மத்திய சுகாதார அமைச்சகம் அவ்வாண்டு வகுத்த திட்டம், இளநிலைப் பயிற்சி டாக்டருக்கு வாரம் 48 மணி, ஒரே மூச்சில் 12 மணிக்கு மேல் கூடாது என்றது. "பொதுவாக" என்ற ஒரு சொல்லையும் சேர்த்தது. அந்த ஒரு சொல்லின் சந்திலே புகுந்து 24 மணி, 36 மணி டியூட்டிகள் நடமாடின. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதி எழுதிற்று. "நியாயமான வேலை நேரம்" என்றது. நியாயம் எத்தனை மணி? எண்ணைக் காணோம். 2024-ல் மாணவர் மனநலத்தை ஆராய அதே ஆணையம் அமைத்த குழு, வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 48 எங்கே, 74 எங்கே! 74-ஐயே சலுகையாகச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், நடப்பு எப்படி என்பதை விளக்கவும் வேண்டுமோ?

"மருத்துவம் புனிதத் தொண்டு, தொண்டிலே மணி பார்க்கலாமா?" என்று கேட்பார் உண்டு. பார்த்தே ஆக வேண்டும். பார்க்காவிட்டால் பலியாவது நோயாளி. 1984-ல் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றிலே லிபி சயன் என்ற 18 வயது மாணவி, இரவிலே சேர்க்கப்பட்டு மறுநாள் காலைக்குள் மாண்டாள். நெடுநேர டியூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர்கள் கவனித்த நோயாளி அவள். நாடே கொதித்தது. 1989-ல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி என்று வரம்பு விதித்தது. 2003-ல் அமெரிக்கா முழுவதும் அது பரவிற்று. 2004-ல் பாஸ்டன் நகரிலே தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வு, பழைய நெடுநேர முறையிலே வேலை செய்த பயிற்சி டாக்டர்கள், குறைந்த நேரம் வேலை செய்தபோது நேர்ந்ததைவிட 36 விழுக்காடு அதிகமாகக் கடுமையான பிழைகள் செய்ததைக் காட்டிற்று. தூக்கக் கண்ணோடு இயந்திரத்தின் அருகே நின்றால் என்ன ஆகும் என்பது விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலைத் தொழிலாளிக்குத் தெரியும். அதே தூக்கக் கண்ணோடு ஒருவர் நம் பிள்ளைக்கு ஊசி மருந்து அளந்தால்? ஆஸ்பத்திரித் திண்ணையிலே வரிசையில் காத்திருப்பவன் ஏழைத் தொழிலாளியே. ஆகவே அந்தப் பெண்ணின் ஓய்வு நேரம் நம் உயிரோடு ஒட்டியது.

விடுப்புக்கு வருவோம். பேறுகால விடுப்பை 26 வாரமாக்கி 2017-ல் மத்திய சட்டம் திருத்தப்பட்டது. 2021-ல் தமிழ்நாடு தன் பெண் ஊழியர்களுக்கு அதை ஓராண்டாக்கியது. பட்ட மேற்படிப்பிலே இருப்பவருக்கும் பேறுகால விடுப்பு உண்டு என்று விதி சொல்கிறது. உடனே, வருகை 80 விழுக்காடு வேண்டும் என்றும், அனுமதித்த அளவுக்கு மேல் போனால் படிப்புக் காலம் அதே அளவு நீளும் என்றும் சொல்கிறது. உடன் சேர்ந்தவர்கள் தேர்வெழுதிப் போய்விடுவார்கள்; தாய் தங்கி நிற்பாள். நைட் டியூட்டி என்றால் அவள் ஊழியர். உரிமை என்று வாய் திறந்தால் அவள் மாணவி! இந்த இரட்டை நாக்கை எத்தனை ஆலை வாயிலிலே கேட்டிருக்கிறோம்! கற்க வேண்டியதைக் கற்காமலே பட்டம் தாருங்கள் என்று கேட்கவில்லை. நீளும் மாதங்களுக்கும் உதவித்தொகை குறையாமல் தாருங்கள், அடுத்த ஆண்டுவரை காக்க வைக்காமல் தேர்வை நடத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

தொட்டிலுக்கு வருவோம். பெண்கள் உழைக்கும் தொழிற்சாலையிலே பிள்ளைக் காப்பகம் வேண்டுமென்று 1948-லேயே சட்டம் எழுதினார்கள். 1966-ல் பீடித் தொழிலாளர் சட்டத்திலும் எழுதினார்கள். ஆனால் அது பீடிக் கம்பெனிக் கூடத்துக்கு. வீட்டுத் திண்ணையிலே சுற்றுபவளுக்கு எட்டவில்லை. 2017-ன் திருத்தம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கும் காப்பகம் என்றது. ஏட்டிலே இத்தனை தொட்டில்! இரவெல்லாம் விளக்கெரியும் ஆஸ்பத்திரியிலே, இரவெல்லாம் திறந்திருக்கும் காப்பகம் உண்டா? உங்கள் மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கள், தோழர்களே. இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

இதிலே நமக்குள்ள பங்கு இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களிலே சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு மேற்படிப்புக்குப் போகும் அரசு டாக்டர்கள் உண்டு. அவர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று, தமிழ்நாட்டு அரசு டாக்டர் சங்கம் தொடுத்த வழக்கிலே, 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். முப்பதைத் தாண்டி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோடு மீண்டும் மாணவியாகிறவர்கள் இவர்களிலே உண்டு. பேறுகால மருத்துவமும் குழந்தை மருத்துவமும் கற்றுத் திரும்பி, தாலுகா ஆஸ்பத்திரிகளிலே அமர வேண்டியவர்கள். இவர்களில் ஒருவர் பிள்ளைக்கு ஆளில்லை என்று பாதியிலே ஒதுங்கினால் நட்டம் யாருக்கு? சாத்தான்குளத்திலே இடுப்பு வலி கண்டு, நடுநிசியிலே திருநெல்வேலிக்கு வண்டி தேடுகிற தொழிலாளியின் மனைவிக்கு!

சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்ததா? தீரவில்லை. மேடையிலே பெண்ணுரிமை பேசிவிட்டு, வீட்டிலே அழும் பிள்ளையைப் பார்த்து, "அம்மாவைக் கூப்பிடு" என்பவர் நம்மிலே இல்லையா? மகளையோ மருமகளையோ டாக்டராக்க விரும்பும் வீட்டிலே, அப்பனும் கணவனும் மாமனும் பால் புட்டி கழுவக் கற்கட்டும். அது அவமானம் அல்ல. ஆச்சியின் பீடித் தட்டிலிருந்து எடுத்துக்கொண்ட கூலியிலே ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பது.

வாரத்துக்கு 48 மணி; பயிற்சிக் காலத்திலே படியளப்புக் குறையாத பேறுகால விடுப்பு; இரவிலும் திறந்த பிள்ளைக் காப்பகம். ஆலைத் தொழிலாளிக்கு நாம் கேட்ட அதே மூன்றுதான்! டாக்டரம்மா கேட்கட்டும் என்று காத்திராமல், சங்கக் கூட்டத்திலே தீர்மானமாக நிறைவேற்றுங்கள். சட்டமன்ற உறுப்பினரின் கையிலே கொடுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். பொன்னாடை பிறகு போர்த்தலாம். முதலில் தொட்டில் கயிற்றைப் பிடிப்போம்!