கிறிஸ்தவ விசுவாசமும் அன்றாட நல்வாழ்வும்



"நவீன வாழ்வில் மனிதன் எதிர்நோக்கும் பிரச்சினைகளுக்குக் கிறிஸ்தவ விசுவாசம் எவ்வாறு துணைபுரிகின்றது?" என்னும் வினாவை ஏதேனும் ஒரு வடிவத்தில் நீங்கள் சந்திப்பீர்கள். இதற்கு எழுதப்படும் விடைகளைத் திருத்தும்போது ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். "கடவுளை நம்பினால் கவலை நீங்கும், நோய் நீங்கும், பரீட்சையில் சித்தி பெறலாம்" என்பதே அது. இவ்வாறு எழுதுவோருக்குப் புள்ளி குறைகின்றது. அதைவிடப் பெரிய குறை, வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை என்பதாகும். வேதாகமம் உண்மையில் என்ன சொல்கின்றது என்பதை இங்கே பார்ப்போம்.

நல்வாழ்வு என்றால் என்ன?

உலக சுகாதார நிறுவனம் 1948 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தனது யாப்பில் ஆரோக்கியத்துக்கு ஒரு வரைவிலக்கணம் கொடுத்தது. நோய் இல்லாதிருத்தல் மட்டும் ஆரோக்கியம் ஆகாது. உடல், உள, சமூக ரீதியில் நன்னிலையில் இருப்பதே ஆரோக்கியம் என்பது அதன் கருத்து. சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் இதனைப் படித்திருப்பீர்கள். பழைய ஏற்பாட்டின் மூலமொழியாகிய எபிரேயத்தில் 'ஷாலோம்' என்றொரு சொல் உண்டு. நாம் அதைச் 'சமாதானம்' என்று மொழிபெயர்க்கிறோம். சண்டை இல்லாத நிலையை மட்டும் அது குறிப்பதில்லை. உடல் நலம், உறவுகளின் நலம், போதிய உணவு, கடவுளோடு சரியான உறவு ஆகிய எல்லாம் சேர்ந்த முழுமையை அது குறிக்கின்றது. சிறுவனாகிய இயேசுவின் வளர்ச்சியைப் பற்றி லூக்கா 2:52 கூறுமிடத்தில் ஞானம், உடல் வளர்ச்சி, கடவுளின் தயவு, மனிதரின் தயவு ஆகிய நான்கும் சொல்லப்படுவதைக் கவனியுங்கள். இந்த ஒரு வசனத்தை விளக்கி எழுதினாலே உங்கள் விடையின் முன்னுரை அமைந்துவிடும்.

கவலைப்பட வேண்டாம் என்ற போதனை

மலைப்பிரசங்கத்தில் வரும் மத்தேயு 6:25-34 பகுதியே இத்தலைப்புக்கு அடிப்படையானது. ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி, உணவையும் உடையையும் குறித்துக் கவலைப்பட வேண்டாம் என இயேசு போதிக்கிறார். இதனைப் பலர், "ஒன்றும் செய்யாமல் இருந்தால் கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று விளங்கிக்கொள்கின்றனர். இது தவறு. பறவைகள் விதைப்பதில்லை, களஞ்சியத்தில் சேர்ப்பதுமில்லை. ஆனால் விடியுமுன்னே எழும்பி இரை தேடிப் போகின்றன! கூட்டில் இருந்துகொண்டு வாயைத் திறக்கும் குஞ்சுக்கும் தாய்ப் பறவை அலைந்து திரிந்தே இரை கொண்டுவருகின்றது.

இப்போதனையைக் கேட்டவர்கள் யார் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் கலிலேயாவைச் சேர்ந்த ஏழைகள். விவசாயிகள், மீனவர், அன்றாடக் கூலிக்கு வேலை தேடுவோர். திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையில் (மத்தேயு 20:1-16) வேலை கிடைக்காமல் மாலைவரை சந்தையில் நிற்பவர்களைக் காண்கிறோம். இன்று கூலி கிடைக்காவிட்டால் இன்று சாப்பாடு இல்லை என்ற நிலையில் உள்ளவர்களிடம் ஒருவர் "கவலைப்படாதீர்கள்" என்று சும்மா சொல்லியிருந்தால் அவர்கள் எழுந்து போயிருப்பார்கள். இயேசு அப்படிச் சும்மா சொல்லவில்லை. அதே அதிகாரத்தில் சற்று முன்னே தாம் கற்பித்த ஜெபத்தில் அன்றன்றைக்குரிய அப்பத்தைக் கேட்கும்படி சொன்னார் (6:11). பகுதியின் முடிவிலே, நாளையின் பாரத்தை இன்றே சுமக்க வேண்டாம் என்கிறார் (6:34). இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் பொருள் தெளிவாகின்றது. ஒரு நாளுக்கு ஒரு நாளின் உணவு, ஒரு நாளுக்கு ஒரு நாளின் பாரம் என்பதே அது.

பரீட்சைக்கு ஆயத்தமாகும் உங்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. இன்று படிக்கவேண்டிய பாடம் மேசையில் இருக்கின்றது. மனமோ பெறுபேறு வெளிவரும் நாளில் நிற்கின்றது. அயல் வீட்டார் என்ன சொல்வார்கள், உயர்தரத்தில் விரும்பிய பிரிவு கிடைக்குமா என்று அலைகின்றது. பாடமும் படிபடவில்லை, பெறுபேறும் மாறவில்லை. கவலைப்படுவதால் எவரும் தம் வாழ்நாளைச் சற்றும் கூட்ட முடியாது என்று இயேசு கேட்டது (6:27) இதைத்தான்.

பவுலும் கவலைப்பட வேண்டாம் என எழுதுகிறார் (பிலிப்பியர் 4:6-7). அதை அவர் சிறையிலிருந்து எழுதினார் என்பதை மாணவர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவர். ஆனால் அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எவரும் எடுத்துக்காட்டுவதில்லை. அங்கே எப்பாப்பிரோதீத்து என்னும் நண்பர் மரணத்தறுவாயில் இருந்து பிழைத்ததைச் சொல்லி, அவர் இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்கிறார். அவரைத் திருப்பி அனுப்பினால் தம் மனவேதனை குறையும் என்றும் ஒப்புக்கொள்கிறார் (2:25-28). ஆகவே விசுவாசி கவலையே அறியாத கல் அல்லன். கவலை வரும். அதைக் கடவுளிடம் சொல்லவும் மனிதரிடம் சொல்லவும் பவுல் வெட்கப்படவில்லை.

எலியாவும் இரண்டு வேளை உணவும்

இத்தலைப்பில் மிகச் சிறந்த உதாரணம் 1 இராஜாக்கள் 19 ஆம் அதிகாரம் என்பது எனது கருத்து. வினாத்தாளுக்காக மட்டுமன்றி உங்களுக்காகவும் அதை ஒருமுறை முழுமையாக வாசியுங்கள்.

கர்மேல் மலையில் பெரும் வெற்றி பெற்ற எலியா, யேசபேல் அரசியின் மிரட்டலைக் கேட்டதும் உயிர்தப்ப ஓடுகிறார். பெயெர்செபாவிலே தம் வேலைக்காரனையும் விட்டுவிட்டுத் தனியே வனாந்தரத்தில் ஒரு நாள் தூரம் நடக்கிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும், இனி வாழ வேண்டாம்" என்ற கருத்தில் ஜெபிக்கிறார். பிறகு படுத்துத் தூங்கிவிடுகிறார். பெரிய தீர்க்கதரிசி ஒருவர் இப்படிப் பேசியதை வேதாகமம் மறைக்கவில்லை. அதற்காக அவரைக் கண்டிக்கவும் இல்லை.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். தூதன் வந்து தொட்டு எழுப்புகிறான். பிரசங்கம் செய்யவில்லை, "உன் விசுவாசம் எங்கே?" என்று கேட்கவில்லை. எழும்பிச் சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மீண்டும் தூங்குகிறார். தூங்க விடப்படுகிறார். இரண்டாம் முறையும் உணவு கொடுக்கப்படுகின்றது. பயணம் உன் பலத்துக்கு மிஞ்சியது என்ற காரணமும் சொல்லப்படுகின்றது. அதன் பின்னரே நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குச் செல்கிறார். அங்கேதான் கடவுள் அவரோடு பேசுகிறார். காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் அல்ல, மெல்லிய ஓர் ஓசையில் பேசுகிறார். "நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன்" என்பது எலியாவின் முறைப்பாடு. அவருக்குச் செய்யவேண்டிய வேலை கொடுக்கப்படுகின்றது. இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று அறிவிக்கப்படுகின்றது. எலிசா என்னும் துணையும் கிடைக்கின்றது.

சில வருடங்களுக்கு முன்னர் என் வகுப்பில் ஒரு பிள்ளை, "சேர், இரவில் நித்திரை வருகுதில்லை" என்றாள். "ஜெபித்துவிட்டுப் படி, சரியாகிவிடும்" என்று சொல்லி அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். இரவு ஒரு மணிவரை படிப்பு, நான்கு மணிக்கு எழும்பி ஜெபம், பரீட்சை முடியும்வரை காலை உணவு இல்லை என்று ஒரு நேர்த்தி. வைத்தியர் முதலில் கேட்ட கேள்விகள் இரண்டுதான்: என்ன சாப்பிட்டாய்? எத்தனை மணிநேரம் தூங்கினாய்? எலியாவின் அதிகாரத்தை அதற்கு முன்னர் பல தடவை கற்பித்தவன் நான். அந்தத் தூதனுக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. (அவள் அந்த வருடமே பரீட்சை எழுதிச் சித்தியும் அடைந்தாள்.)

உபவாசம் கிறிஸ்தவ வாழ்வில் இடம்பெறும் ஒன்றே. ஆனால் வளரும் வயதில், பரீட்சைக் காலத்தில், வீட்டாருக்குத் தெரியாமல் உணவை விடுவது உபவாசம் அல்ல. படித்தவை நினைவில் பதிவதற்குத் தூக்கம் தேவை என்பது இன்று விஞ்ஞானம் உறுதியாகக் கூறும் ஒன்றாகும்.

ஓய்வுநாள்

ஓய்வுநாள் கட்டளை வேதாகமத்தில் இரு இடங்களில் வருகின்றது. இரண்டிலும் காரணம் வேறு. யாத்திராகமம் 20:8-11 இல், கடவுள் படைப்பின் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது காரணம். உபாகமம் 5:12-15 இலோ, நீங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தீர்கள் என்பது நினைவூட்டப்படுகின்றது. அடிமைக்கு விடுமுறை இல்லை. ஆகவே வேலைக்காரர், அந்நியர், மாடு, கழுதை யாவற்றுக்கும் அந்நாளில் ஓய்வு உண்டு. இந்த வேறுபாட்டை எழுதும் விடை தனித்துத் தெரியும். ஓய்வுநாள் மனிதனுக்காகவே உண்டானது என்று இயேசு கூறியதையும் (மாற்கு 2:27), சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீடரைத் தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி அழைத்ததையும் (மாற்கு 6:31) சேர்த்துக்கொள்க.

ஞாயிறு காலையில் ரியூசன் வகுப்பு வைத்துப் பிள்ளைகளை ஞாயிறு பாடசாலைக்குப் போகவிடாமல் செய்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். ஆதலால் இப்பகுதியை இதற்கு மேல் நீட்டும் தகுதி எனக்கில்லை. கைத்தொலைபேசியும் ஓர் எகிப்துதான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஜெபமும் மருந்தும்

விசுவாசம் இருந்தால் மருந்து தேவையில்லை என்று எழுதவேண்டாம். நல்ல சமாரியன் அடிபட்டவனின் காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான் (லூக்கா 10:34). அக்காலத்து முதலுதவி அதுவே. அடிக்கடி நோயுற்ற தீமோத்தேயுவுக்குப் பவுல், வயிற்றின் நிமித்தம் சிறிது திராட்சரசம் அருந்தும்படி ஆலோசனை கூறினார் (1 தீமோத்தேயு 5:23). பவுலின் தோழராகிய லூக்கா ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4:14).

நமது நாட்டிலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்தார். தமது ஊழியம் பிரசங்கத்தில் மட்டும் அடங்குவதாக அவர் எண்ணவில்லை. உள்ளூர் இளைஞர் அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். 1860களில் அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்' முதலிய நூல்கள் அவருடைய முயற்சியால் தமிழில் வெளிவந்தன. நோயாளியின் மொழியில் மருத்துவம் பேசப்பட வேண்டும் என்பது அவரது எண்ணம். தமிழ்மொழிமூலம் படிக்கும் நீங்கள் இவரைப் பற்றி இரண்டு வாக்கியமாவது எழுதாமல் விடக்கூடாது.

மனத்தின் நோய்க்கும் இது பொருந்தும். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவதை எவரும் அவிசுவாசம் என்பதில்லை. தொடர்ந்து வாரக்கணக்கில் மனம் சோர்ந்திருப்பதற்கும் உதவி நாடுவதில் அவிசுவாசம் எதுவும் இல்லை.

கேட்கும் காது

கெத்செமனேயில் இயேசு மிகவும் வியாகுலமடைந்தார். அப்போது அவர் தனியே ஜெபித்ததோடு, மூன்று நண்பர்களையும் அருகே அழைத்துச் சென்று, தம் துக்கத்தைச் சொல்லி, விழித்திருக்கும்படி கேட்டார் (மாற்கு 14:33-34). அவர்கள் தூங்கிப்போனார்கள் என்பது வேறு விடயம். துன்பத்தில் துணை கேட்பது பலவீனம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1953 ஆம் ஆண்டில் லண்டனில் சட் வாரா என்ற அங்கிலிக்கன் குருவானவர், வாழ்வில் நம்பிக்கையிழந்தவர்கள் தொலைபேசியில் பேசுவதற்கு ஒரு சேவையைத் தமது ஆலயத்தில் தொடங்கினார். 'சமாரித்தன்ஸ்' என்னும் பெயர் அதற்கு ஏற்பட்டது. அவரைச் சந்திக்க வருவோர் காத்திருக்கும் வேளையில் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பர். அவ்வாறு பேசியதிலேயே மனம் ஆறிப் பலர் குருவானவரைப் பார்க்காமலே திரும்பினர். அறிவுரையைவிட, பொறுமையாகக் கேட்பதே பலருக்கு வேண்டியிருந்தது என்பதை அவர் கண்டுகொண்டு, பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அதே வழியில் இலங்கையில் 1974 ஆம் ஆண்டில் 'சுமித்ரயோ' தொடங்கப்பட்டது. சமயம் பாராமல், இரகசியம் பேணி, எவருக்கும் அது செவிகொடுக்கின்றது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் மனநல ஆலோசனை பெறலாம். இவ்விலக்கத்தைக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வாங்கில் இருப்பவருக்குத் தேவைப்படலாம்.

விடை எழுதும்போது

வசன எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். சம்பவத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, அது அன்றாட வாழ்வில் எங்கே பொருந்துகின்றது என்பதை உங்கள் வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ ஓர் உதாரணத்தால் காட்டுங்கள். "கடவுள் எல்லாம் தருவார்" என்று முடிப்பதிலும் பார்க்க, எலியாவுக்கு முதலில் என்ன தரப்பட்டது, பின்னர் என்ன தரப்பட்டது என்ற ஒழுங்கை எழுதுவது நன்று.

பயிற்சி வினா: "பரீட்சையில் தோல்வியுற்ற நண்பன் ஒருவன் எவரோடும் பேசாமல் வீட்டிலேயே இருக்கிறான். 1 இராஜாக்கள் 19 ஆம் அதிகாரத்தின் துணையுடன், முதல் வாரத்தில் நீர் அவனுக்குச் செய்யக்கூடியவற்றை விளக்குக." இதற்கு விடை எழுதத் தொடங்குபவர்கள், முதற் பந்தியில் உணவிலிருந்து ஆரம்பித்தால் நான் மகிழ்வேன்.