இடுப்புவலியும் அளவான இயக்கமும்

ஊரில் களத்துமேட்டிலும் கிணற்றடியிலும் நாளெல்லாம் நடமாடிய தாய்தந்தையரை, முதுமையில் நம்முடன் வைத்துப் பேணவேண்டுமென்று மைசூருக்கு அழைத்து வருகிறோம். இங்கோ அவர்களுக்கு வேலை இல்லை. கன்னடம் அறியாமையால் வெளியே செல்லவும் தயக்கம். அறை மூலையில் அமர்ந்தே பொழுது கழிகிறது. சில திங்களில் இடுப்புவலி கடுமையாகிறது. நாமும் அன்பு மிகுதியால், "அசையாமல் படுத்திருங்கள்" என்கிறோம். அவ்வன்பே தீங்காய் முடிவதை அன்பர்கள் உணர்தல் வேண்டும்.

இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள் உள. அவற்றை இணைக்கும் சிறு மூட்டுகளின் குருத்தெலும்பு வயதேற ஏறத் தேய்வதுண்டு. இதுவே இடுப்பு மூட்டுத் தேய்வு வாதம். தேய்ந்ததை மீண்டும் வளர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. எனினும் வலியைத் தணிக்க வழியுண்டு. முதுகெலும்பைத் தாங்குவன வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளுமே. படுத்தே கிடந்தால் அவை தளரும், மூட்டின்மேல் பாரம் மிகும், வலி பெருகும், மீண்டும் படுக்கையே கதியாகும். இச்சுழலை அறுப்பது அளவான இயக்கம்.

2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்புவலியால் வருந்தினர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாட்பட்ட இடுப்புவலி குறித்து அந்நிறுவனம் 2023இல் வெளியிட்ட நெறிமுறை, உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. நாம் கடைகளில் நாடும் இடுப்புப் பட்டையையோ பரிந்துரைக்கவில்லை.

இவ்வகையில் நம் மைசூருக்குப் பெருமையுண்டு. 1930களில் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகம் பயிற்றியவர் கிருஷ்ணமாச்சாரியார். பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்த அவர், அவரவர் உடல்நிலைக்கேற்பவே பயிற்சி அமைய வேண்டுமென்று கற்பித்தார். 1934இல் மைசூர் வந்து அவரிடம் பயின்ற பி. கே. எஸ். அய்யங்கார், பின்னர் புனேயில், நாற்காலி, கயிறு, மரக்கட்டை ஆகியவற்றின் துணைகொண்டு நோயுற்றோரும் ஆசனம் செய்ய வழிவகுத்தார். யோகம் தேய்வை மாற்றாது. வலியைக் குறைத்து நடமாட்டத்தைப் பெருக்கத் துணைபுரியும். தேர்ந்த ஆசிரியரிடமே பயிலுதல் நலம்.

அன்றாடம் செய்யத்தக்கவை சில. காலையில் இடுப்புக்கு வெந்நீர்ப்பை ஒற்றடம் இதமளிக்கும். குக்கரஹள்ளி ஏரிக்கரை போன்ற சமதளத்தில் பத்து நிமிடம் நடந்து, வாரந்தோறும் சிறிது கூட்டலாம். சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளைத் தொடக்கத்திலேயே நாடவேண்டா. குடத்தைத் தூக்குங்கால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குக. என்போன்ற இரயில்வே எழுத்தர்கள் அரைமணிக்கு ஒருமுறையேனும் இருக்கையினின்று எழுதல் வேண்டும். வலிமாத்திரைகளைத் தாமே வாங்கி நெடுநாள் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

கால் மரத்து வலுவிழத்தல், சிறுநீரோ மலமோ அடங்காமை, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை தோன்றின் உடனே மருத்துவமனை செல்க. விடியலில் முதுகு இறுகி, நடமாடிய பின் இளகும் துன்பம் இளைஞருக்கு மூன்று திங்களுக்கு மேல் நீடிப்பின், அது வேறுவகை வாதமாகலாம். அதற்குத் தனி மருந்துகள் உண்டு, காலந்தாழ்த்தலாகாது.

அன்பர்களே! தைலமும் மாத்திரையும் வாங்கித் தருவதோடு நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. நாலு கன்னடச் சொற்களைப் பெரியோர்க்குக் கற்பியுங்கள். மாலையில் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். தெருமுனைக் கடைவரை அவர்கள் தாமே சென்றுவரும் நாளே அவ்வில்லத்தின் நன்னாளாகும்.