ஓடைத் தண்ணீரில் எத்தனை வாட்?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஓடையோரமாக நிலம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: மின்கம்பம் எட்டாத இடம், இணையத்தில் ‘5 கிலோவாட்’ என்று விற்கும் சின்ன நீர்மின் ஜெனரேட்டரை நம்பி வாங்கலாமா?

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. விநாடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது, எத்தனை மீட்டர் இறங்குகிறது என்று அளந்து இரண்டையும் பெருக்க வேண்டும். வந்ததை மீண்டும் 5 ஆல் பெருக்கினால் வீட்டுக்குக் கிடைக்கும் வாட் தெரியும். 3 லிட்டரும் 40 மீட்டர் இறக்கமும் இருந்தால் 600 வாட். அதே இறக்கத்தில் 5 கிலோவாட் வேண்டுமானால் விநாடிக்கு 25 லிட்டர் வர வேண்டும். 600 வாட்டும் குறைவில்லை. இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 14 யூனிட். விளக்கு, மின்விசிறி, டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் தாங்கும்.

தண்ணீர் கொஞ்சம், இறக்கம் அதிகம் என்ற மலையோடைக்குப் பொருந்துவது பெல்டன் சக்கரம். கலிஃபோர்னியத் தங்கச் சுரங்கப் பகுதியில் வேலை பார்த்த லெஸ்டர் பெல்டன் 1880 இல் காப்புரிமை பெற்றது. நீலகிரியில் 1932 இல் தொடங்கிய பைக்காரா மின் நிலையம் 900 மீட்டருக்கும் மேலான இறக்கத்தை மின்சாரமாக்கியதும் இதே வகைச் சக்கரத்தால்தான். வரலாறு இவ்வளவு போதும்.

பெல்டன் சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக இரட்டைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கூரிய வரப்பு. 40 மீட்டர் இறங்கிய நீர் முனைக்குழாயிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வரப்பில் பட்டு, இரண்டாகப் பிரிந்து, வளைந்து, வந்த திசைக்கே திரும்புகிறது. கிண்ணம் நீரின் பாதி வேகத்தில் ஓடினால், திரும்பும் நீர் வேகமெல்லாம் இழந்து அப்படியே கீழே விழும்.

அது ஏன் சரியாகப் பாதி? சந்தையில் ஜவ்வாது மலைச் சீத்தாப்பழம் விற்பவரிடம் விடை இருக்கிறது. சும்மா கொடுத்தால் கூட்டம் நெரியும், கல்லாவில் காசு சேராது. விலையை எட்டாத உயரத்தில் வைத்தால் ஆளே வராது. விலை ஏற ஏறக் கூட்டம் ஒரே சீராகக் குறைந்தால், உச்ச விலையில் பாதிக்குத்தான் வசூல் அதிகம். இங்கே கிண்ணத்தின் வேகம் விலை, நீரின் தள்ளுவிசை கூட்டம், பெருக்கி வருவது மின்சாரம். விலையைப் பத்து சதவீதம் தவறாக வைத்தாலும் வசூலில் ஒரு சதவீதமே குறையும்; சக்கரமும் அதே அளவு பொறுத்துக்கொள்ளும். மழையில் கூட்டம் பெருகினால் விலையைத் தொட வேண்டாம், இன்னொரு வாசலைத் திறந்தால் போதும்: இரண்டாவது முனைக்குழாய்.

சக்கரத்தின் அளவும் இதிலிருந்தே வருகிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும் ஜெனரேட்டரை நேராக இணைத்தால், 40 மீட்டருக்கு ஏறத்தாழ 16 முதல் 18 சென்டிமீட்டர் குறுக்களவு. வேறு இறக்கத்துக்கு வேறு சக்கரம். இறக்கத்தைக் கேட்காமல் விற்பவரிடம் வாங்கக் கூடாது.

குழாயில் மிச்சம் பிடிப்பதும் ஆபத்து. 200 மீட்டர் நீளத்துக்கு உள்விட்டம் 50 மி.மீ. குழாய் போட்டால், 3 லிட்டர் ஓட்டத்தில் சுமார் 9 மீட்டர் இறக்கம் உராய்விலேயே போய்விடும். 75 மி.மீ. என்றால் ஒரு மீட்டர் சொச்சம்தான்.

விளக்குகளை அணைத்ததும் சுமையிழந்த சக்கரம் வெறிகொண்டு சுற்றும். அப்போது உபரி மின்சாரத்தை ஒரு ஹீட்டருக்குத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டுக் கருவி அவசியம். இலங்கை மலைக் கிராமங்களில் 1990களிலிருந்து ஊர்மக்களே நடத்திய சிறு நீர்மின் நிலையங்கள் பலவற்றில், கெப்பாசிட்டர் சேர்த்த சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரே ஜெனரேட்டராக இருந்தது. அந்த மோட்டாருக்கும் இந்தக் கட்டுப்பாட்டுக் கருவிதான் காவல்.

ஜவ்வாது மலையில் மழையில் புரண்டோடும் ஓடைகள் கோடையில் மெலிகின்றன. அதனால் வாசகர் ஏப்ரலில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை 20 லிட்டர் வாளி நிரம்பும் நேரத்தைக் குறிக்கட்டும். கொத்தனாரின் டியூப் லெவலால் இறக்கத்தை அளக்கட்டும். ஏப்ரலில் வாளி நிரம்ப 40 விநாடி ஆனால் கிடைப்பது 100 வாட்தான். அந்த நிலத்துக்கு வெயில் மாதங்களில் சோலார் பலகை, மேகம் மூடும் மழை மாதங்களில் பெல்டன் சக்கரம், இரண்டுக்கும் பொதுவாக ஒரே பேட்டரி என்ற ஏற்பாடே பொருந்தும்.